நாற்பது பேருக்கு ஓர் அண்ணன்

மூன்று நாளாக வீட்டில் யாரோடும் பேசாத அண்ணன், காலையில் எழுந்ததும் குட்டியின் வெள்ளைச் சட்டையைக் கொடியிலிருந்து உருவி எடுத்து, இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுவரில் சொருகினான்.

கோபம் தணிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வீட்டில் காலரை ஒழுங்காகத் தேய்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கோபம் எங்கே ஆரம்பித்தது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்க்கும் அப்பா நடுக்கடலிலிருந்து போன் செய்தார். குட்டி எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், கேம்பஸ் இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அம்மா ஸ்பீக்கரில் சொன்னாள். அப்பா சந்தோஷப்பட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அந்தத் தடிமாடு பக்கத்துல இருக்கானா? தங்கச்சியைப் பார்த்தாவது புத்தி வருதான்னு கேளு."

தடிமாடு பக்கத்தில்தான் இருந்தான். பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்து போனான். குட்டி படிக்கும் அதே எலெக்ட்ரானிக்ஸ் படிப்பைத்தான் அவனும் படித்தான். மூன்று பாடங்களில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன், இப்போது ஒரு கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறான்.

குட்டி அப்போது ஒன்றும் பேசவில்லை. அவளுக்கு வயது இருபத்தொன்று ஆகியும் வீட்டில் அவள் பெயர் குட்டிதான். பேசாமல் இருக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

"அண்ணா, கைப்பட்டியில ஒரு மடிப்பு இருக்கு."

"எனக்குக் கண்ணு இருக்கு."

"அப்பா மேல இருக்கற கோபத்தைச் சட்டை மேல காட்டாதே. தீஞ்சிடும்."

"தீஞ்சா உங்கப்பா புதுசு வாங்கி அனுப்புவாரு. கப்பல்ல ஏத்தி."

மூன்று நாளில் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அதிலும் 'உங்கப்பா'. ஆனாலும் பேசிவிட்டானே என்று அவளுக்குக் கண் கரித்தது.

சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "உள்ளே போனதும் நாற்காலியை இழுக்காதே. தூக்கிப் போட்டு உக்காரு. இழுத்தா கர்ருன்னு சத்தம் வரும். முதல் அபிப்பிராயமே கெட்டுப் போயிடும்."

அவன் இண்டர்வியூ வரைக்கும் போனதே இல்லை. யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான்.

"காலேஜ்ல கோட்டு சாரும் இதான் சொன்னாரு," என்றாள் குட்டி.

"அப்ப சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினான்.

அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயும் வரை குட்டி சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றே படாத ஏரியைப் போல அத்தனை வழவழப்பாக இருந்தது அது. போட்டுக்கொள்ளக் கூச்சமாக இருந்தது.

*

அம்மா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுப்பவள். அவளுடைய காரில் இடப்பக்க இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஆண்டுக்கணக்காக அதை மிதித்துப் பழகியதில், வீட்டில் யாராவது குரல் உயர்த்தினாலும் அம்மாவின் கால் தானாகத் தரையை அழுத்தும். அப்பா போனில் பேசிய அன்று மேசைக்கடியில் அந்தக் கால் அழுத்திய அழுத்தலுக்கு ஒரு லாரியே நின்றிருக்கும். பேச்சு நிற்கவில்லை.

இன்று அம்மா ஓட்ட, குட்டி இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"காலை மடக்கி வை. பிரேக்கை மிதிச்சுத் தொலைக்காதே," என்றாள் அம்மா. அடுத்த நொடியே ஜன்னலுக்கு வெளியே, "யோவ், கைகாட்டாம திரும்பறியே, ரோடு என்ன உன் மாமனார் வீட்டு வாசலா?"

"அம்மா, மெதுவா."

"எல்லாரும் என்னையே மெதுவாங்கறீங்க. உங்கப்பனுக்கு அன்னைக்குக் கடல்ல டவர் கிடைக்காமயே போயிருக்கலாம். உங்கண்ணன் இன்னும் வீட்ல சாப்பிடல தெரியுமா? கடையில எதையோ தின்னுட்டு வரான். நான் யாருக்குன்னு ஆக்கறது?"

"இன்னைக்குச் சாப்பிடுவாம்மா. காலையில என்கிட்ட பேசினான்."

"உனக்கு வேலை கிடைச்சா அவரு இன்னும் நாலு வார்த்தை பேசுவாரு. கிடைக்கலைன்னா எட்டு வார்த்தை. ரெண்டுலயும் இவனுக்குத்தான் விழும்." அம்மா கியரை ஓங்கி மாற்றினாள். "சரி, எல்லாம் படிச்சாச்சா? என்ன கேப்பாங்க?"

"உன்னைப் பத்திச் சொல்லும்பாங்க. சர்க்யூட்ல கேப்பாங்க. அப்புறம், நீ சந்திச்ச பெரிய சவால் என்ன, எப்படித் தாண்டினேன்னு கேப்பாங்க."

"உனக்கென்னடி சவால்? மூணு வேளை சோறு, காலேஜ் வாசல்ல இறக்கி விட காரு."

"அதாம்மா கஷ்டமே."

"அப்ப என்ன சொல்லப் போறே?"

குட்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கோட்டு சார் திருத்திக் கொடுத்திருக்காரு."

தப்பான கியரைப் போட்டுவிட்டுத் தெரியாத மாதிரி இருப்பவர்கள் இப்படித்தான் ஜன்னலைப் பார்ப்பார்கள். அம்மா அதைக் கவனித்தாள். ஆனால் கல்லூரி வாசல் வந்துவிட்டது.

கோட்டு சார் என்பவர் பிளேஸ்மென்ட் பயிற்சிக்காகக் கல்லூரி வெளியிலிருந்து அழைத்து வந்திருக்கும் ஆள். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். உள்ளே சட்டை இருக்கிறதா என்றே மாணவர்களுக்கு நெடுநாள் சந்தேகம். அவருடைய பாடத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்தச் சவால் கேள்வி.

"கண்ணு கலங்கணும். ஆனா சொட்டு கீழே விழக் கூடாது," என்பார். "விழுந்தா அழுமூஞ்சி. கலங்கி நின்னா லீடர்."

போன மாதம் ஒத்திகை இண்டர்வியூவில் குட்டியிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. "உன் வாழ்க்கையில எதுவுமே நடக்கலையாம்மா?" என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருத்திக்கு வீடு எரிந்திருந்தது. ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தது. குட்டிக்கு மட்டும் எதுவுமே நடக்கவில்லை.

பிறகு, அவர் அறையில் தனியாக நின்றபோது, அவள் வாயைத் திறந்தாள்.

*

கல்லூரிக்குப் பஸ் பிடிக்கும் நிறுத்தத்துக்கு எதிரில்தான் அண்ணனின் கடை. ஷட்டரைத் தூக்கியதும் ஒரு நெட்டைப் பையன் ஓடி வந்தான். புதுச் சட்டை, பாக்கெட்டில் சுருட்டிய டை.

"அண்ணா, சார்ஜ் ஏறலை. இன்னைக்கு இண்டர்வியூ. சீக்கிரம் பண்ணிக் கொடுங்கண்ணா."

"உக்காரு. பாக்கறேன்."

சார்ஜ் சொருகும் ஓட்டையில் பஞ்சு அடைத்திருந்தது. அண்ணன் விளக்கைக் கிட்டே இழுத்து, ஊசியால் நோண்ட ஆரம்பித்தான். நெட்டையன் ஷோகேஸ் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, மேடையில் நிற்பவனைப் போல ஒப்பிக்கத் தொடங்கினான்.

"என் வாழ்க்கையில் நான் சந்தித்த மிகப் பெரிய சவால், என் அண்ணன். அவர் பொறியியல் படித்தார். மூன்று பாடங்களில் தோற்றார்."

அண்ணன் குனிந்தபடியே சிரித்துக்கொண்டான். உலகத்தில் நமக்கு ஒரு ஜோடி இருக்கிறான், பாவம்.

"முடிவு வந்த அன்று, அவர் தன் கால்குலேட்டரைச் சுவரில் அடித்து உடைத்து, மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தார். தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கீழே வர மறுத்தார்."

ஊசி நின்றது.

"ஒரு வாரம் கழித்து, எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்தபோது, அந்தக் கால்குலேட்டரின் சமக்குறி பட்டன் தண்ணீரோடு வந்து விழுந்தது. அந்தப் பட்டனைக் கையில் எடுத்தபோது முடிவு செய்தேன், என் அண்ணனை நான் மீட்டெடுப்பேன் என்று."

வெளியே ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களைக் கொட்டிவிட்டுப் போனது. அண்ணனுக்கு அந்தச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலிருந்தது.

"உங்க அண்ணன் இப்ப எங்க இருக்காரு தம்பி?"

"எனக்கேது அண்ணன்? ரெண்டும் அக்கா." நெட்டையன் டையை எடுத்து உதறினான். "இது மாடல் பதில்ணா. கோட்டு சார் எங்க குரூப்புல போட்டாரு. யாரோ ஒரு பொண்ணு ஒத்திகை இண்டர்வியூல சொன்னதாம். அவருக்கே கண்ணு கலங்கிடுச்சாம்."

"உங்க குரூப்புன்னா?"

"மெக்கானிக்கல் மொத்தமும். நாற்பது பேரு."

அண்ணன் ஊசியை மேசையில் வைத்தான். போனில் சார்ஜரைச் சொருகிப் பார்த்தான்.

"கடைசியில அந்த அண்ணன் என்ன ஆனான்?"

"அதுவா?" நெட்டையன் மறுபடி நெஞ்சை நிமிர்த்தினான். "'தினமும் அவருக்குப் பாட அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அவரோடு உட்கார்ந்து படித்தேன். இன்று அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர்.' செம முடிவு, இல்லண்ணா?"

"பிரமாதம்," என்றான் அண்ணன். எழுந்து ஷட்டரை இழுத்தான்.

"அண்ணா, என் போனு?"

"ஏறுது. இந்தா. வண்டியில உக்காரு, நானே காலேஜ்ல விடறேன்."

நெட்டையனுக்கு ஒரே சந்தோஷம். கல்லூரி போய்ச் சேரும் வரை பின்னால் உட்கார்ந்து, அண்ணனின் காதுக்குப் பக்கத்தில், மாடியில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணனை விடாமல் மனப்பாடம் செய்துகொண்டே வந்தான்.

*

இரண்டாவது மாடியில் இண்டர்வியூ அறை. வராந்தா முழுக்க வெள்ளைச் சட்டைகள். எல்லார் மடியிலும் ஒரு ஃபைல், எல்லார் உதட்டிலும் ஒரு முணுமுணுப்பு. தேனீக் கூட்டுக்குள் காதை வைத்தது போலிருந்தது.

அண்ணன் அந்த வராந்தாவில் நடந்தான். ஒரு தூணருகே, "என் அண்ணன் கால்குலேட்டரை..." நான்கு அடி தள்ளி, "கீழே வர மறுத்தார், கீழே வர மறுத்தார், அப்புறம் என்னடா?" ஜன்னலோரம் ஒருவன் கண்ணை மூடி, "பட்டன் தண்ணீரோடு வந்து..."

தன்னுடைய இறுதி ஊர்வலத்தில் தானே நடந்து போகிறவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவன் முகம்.

குட்டி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

"அண்ணா? நீ எங்க இங்க?"

"எனக்கு வேலை கிடைச்சிடுச்சாமே," என்றான் அண்ணன். "பெரிய கம்பெனியாம். வீட்ல யாருமே சொல்லல."

குட்டிக்கு விளங்க ஒரு நொடிதான் ஆனது. கையிலிருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள், அது ஏதோ தடுப்புச் சுவர் போல.

"அண்ணா, எதையாவது சொல்லியே ஆகணும்னாங்க. என்கிட்ட எதுவும் இல்லை..."

"அதனால என்னை எடுத்துக் கொடுத்துட்டே."

"நல்லபடியாத்தான் சொன்னேன்."

"அதான்டி எரியுது!" வராந்தா ஒரு கணம் முணுமுணுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. "கெட்டபடியாச் சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்லை. மூணு பாடம் போச்சு, கடையில போன் நோண்டறான்னு சொல்லியிருந்தா, ஆமா அதான் நான்னு போயிருப்பேன். நீ என்னைத் திருத்திட்டே. பரீட்சை எழுத வச்சு, பாஸ் பண்ண வச்சு, கழுத்துல ஐடி கார்டு மாட்டி விட்டுட்டே. அந்த அண்ணனை எனக்கும் பாக்கணும் போல இருக்கு குட்டி. நல்லா இருக்கானாம். உங்கப்பா கூட அவன்கிட்ட மரியாதையாப் பேசுவாரு."

"அப்பாவை எதுக்கு இழுக்கறே?"

"ரெண்டு பேரும் ஒண்ணுதான். அவரு கடல்லேர்ந்து வாயால சொல்றாரு, இவன் சரியில்லைன்னு. நீ வாயைத் திறக்காமச் சொல்லிட்டே."

குட்டியின் கண் கலங்கியது. சொட்டு கீழே விழுந்தது. கோட்டு சார் பார்த்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பார்.

"அந்தப் பட்டன் விழுந்தப்ப நாம என்ன பண்ணோம்?" என்று அண்ணன் கேட்டான். இப்போது குரல் தாழ்ந்திருந்தது. தாழ்ந்தபோதுதான் அதிகம் பயமாக இருந்தது. "சொல்லு. மீட்டெடுப்பேன்னு சபதம் போட்டியா?"

"இல்லை."

"என்ன பண்ணோம்?"

"சிரிச்சோம்."

"அம்மா அதைக் கரண்டியில எடுத்துக்கிட்டு வந்து, 'கணக்கு சரியாயிடுச்சு பாருங்க'ன்னா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். அந்த மாசம் முழுக்க அந்த வீட்ல சிரிச்ச ஒரே சிரிப்பு அது. அதை ஒரு நெட்டையன் என் வண்டிக்குப் பின்னாடி உக்காந்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு வரான்."

"யாரு? நான் சார்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?"

"காதைத் தீட்டிக் கேளு."

குட்டி கேட்டாள். முணுமுணுப்பு மறுபடி ஆரம்பித்திருந்தது. இதுவரை சத்தமாக மட்டுமே காதில் விழுந்தது, இப்போது வார்த்தையாக விழுந்தது. தொட்டி. பட்டன். அண்ணன். அண்ணன். அண்ணன். முன்பின் தெரியாத முகங்கள், அவள் வீட்டு மாடியில் ஏறி நின்றுகொண்டிருந்தன.

அவளுக்குள் ஏதோ ஒன்று, இருபத்தொரு வருடம் பேசாமலே இருந்த ஒன்று, செருப்பை உதறிக்கொண்டு எழுந்தது.

*

கோட்டு சார் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறி வந்தார். "ஆல் தி பெஸ்ட், ஆல் தி பெஸ்ட். சிரிச்ச முகமா இருங்க. ஏய், டை கோணலா இருக்கு."

குட்டி வழியை மறித்து நின்றாள்.

"சார், நான் சொன்ன பதிலை யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?"

"எதும்மா?"

"என் அண்ணன்."

"ஓ, அதுவா. மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு மாதிரிக்குப் போட்டேன். உன் பேரு போடலையே."

"உங்ககிட்ட மட்டும்தானே சார் சொன்னேன்?"

"அதுல என்ன இருக்கு? மாத்திச் சொல்லுங்கடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அண்ணனை அக்காவா ஆக்கு, கால்குலேட்டரை வேற எதாவதா ஆக்கு. ஒருத்தனும் மாத்தல. அப்படியே கக்கறானுங்க. எனக்கே கோபம் வருது." உண்மையிலேயே அவருக்குக் கோபம்தான்.

"அண்ணனை மாத்தறதுல எல்லாருக்கும் எவ்வளவு கஷ்டம் பாருங்க," என்றான் அண்ணன்.

"நீங்க யாரு?"

"தொட்டிகிட்ட உக்காந்தவன்."

கோட்டு சார் ஒரு கணம் விழித்தார். பிறகு முகம் மலர்ந்தது. கையை நீட்டினார்.

"அடடே! உங்களைப் பார்த்ததுல ரொம்ப சந்தோஷம். என்ன ஒரு தன்னம்பிக்கை! இப்ப எந்தக் கம்பெனியில இருக்கீங்க?"

குட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நீட்டிய கையை அண்ணன் ஏதோ பழுதான பொருளைப் பார்ப்பது போல இரு பக்கமும் பார்த்தான். "பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல. செல்போன் ரிப்பேர் கடை."

கை மெல்ல மடங்கிக் கோட்டுப் பைக்குள் போனது. கோட்டு சார் குட்டியிடம் திரும்பினார். குரலில் சர்க்கரை காணாமல் போயிருந்தது.

"அப்ப நீயே கதைதான் விட்டிருக்கே. கதை விடுறதுக்கு என்னம்மா பட்டா, பத்திரம்? நீ ஒண்ணு மாத்தினே, அவனுங்க மாத்தல. அவ்வளவுதான் வித்தியாசம். சும்மா சீன் போடாம போய் உக்காரு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவளை அதிகம் சுட்டது. பதில் சொல்ல வாயெடுத்தாள். கதவு திறந்து அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

*

உள்ளே இருவர். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, சட்டைக் கையை மடித்துவிட்ட ஒரு வழுக்கைத் தலையர். மேசையில் ஆறிப்போன இரண்டு டீ.

குட்டி நாற்காலியைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். சர்க்யூட்டில் கேட்டார்கள். சொன்னாள். ஒரு படம் போடச் சொன்னார்கள். போட்டாள். அவ்வளவு கோபத்திலும் கோடு நேராக விழுந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பெண்மணி படத்தைப் பார்த்துத் தலையசைத்தாள். நல்ல தலையசைப்பு. வேலை அந்த மேசையின் அந்தப் பக்கத்தில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

"சரி. உங்க வாழ்க்கையில சந்திச்ச பெரிய சவால்?"

வழுக்கைத் தலையர் பேனாவை மேசையில் போட்டார். "இருங்க மேடம், நான் கேக்கறேன். உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்காரா?"

"இருக்காரு சார்."

"தெரியும். காலையிலேர்ந்து அண்ணன்களாத்தான் வந்துகிட்டிருக்காங்க. எல்லாரும் கால்குலேட்டரைத் தொட்டியில போட்டிருக்காங்க. இந்த ஊர்ல தண்ணி எப்படிங்க குடிக்கிறீங்க?"

பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குட்டி சிரிக்கவில்லை. "அது என் அண்ணன்."

"எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

"நிஜமாவே என் அண்ணன். வெளியில நிக்கறாரு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழுக்கைத் தலையர் முன்னால் சாய்ந்தார். காலையிலிருந்து அலுத்துப் போயிருந்த கண்ணில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். "அப்படியா? இது நல்லா இருக்கே. கூப்பிடுங்க பாப்போம்."

குட்டி எழுந்து கதவுக்குப் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

கதவில் பனி படிந்தது போன்ற கண்ணாடி. அதன் பின்னால் இரண்டு உருவங்கள். ஒன்று கோட்டோடு, கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தது. மற்றது அசையவில்லை. தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்றும் அவன் இப்படித்தான் இருந்தான். இவள் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இருவரும் தின்றார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

கதவைத் திறந்தால் அவன் வருவான். அவள் கூப்பிட்டால் எவ்வளவு கோபத்திலும் வருவான். இந்த மேசைக்கு முன்னால் வந்து, சாட்சி போல நிற்பான்.

குட்டி கையை எடுத்தாள்.

"கூப்பிட மாட்டேன் சார்."

"ஏன்? இல்லையா?"

"இருக்காரு. அவரைக் கூப்பிட்டா எனக்கு வேலை கிடைச்சாலும் கிடைக்கும். அதனாலதான் கூப்பிட மாட்டேன்." குரல் உயர்ந்தது. அவள் குறைக்கவில்லை. "அவரு பாஸ் பண்ணல. பெரிய கம்பெனியில இல்லை. போன் ரிப்பேர் பண்றாரு. அந்தக் கதையை முதல்ல விட்டது நான்தான். நான் அவருக்கு எந்த அட்டவணையும் போடல. அன்னைக்கு எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. அவரு என் அண்ணன் சார். என்னோட பதில் இல்லை."

ஆறிய டீயின் மேல் ஒரு ஆடை படிந்திருந்தது. பெண்மணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்க பதில் என்ன?"

"எனக்குச் சவால் எதுவும் வந்ததில்லை மேடம். அப்படி ஒருத்தருக்கு வேலை கொடுக்க முடியாதுன்னா, கொடுக்காதீங்க."

வழுக்கைத் தலையர் ஃபைலை மூடினார். பெண்மணி தன் தாளில் ஏதோ எழுதினாள். எழுதியது ஒரே ஒரு சொல். தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

"நீங்க போகலாம்."

குட்டி ஃபைலை எடுத்துக்கொண்டு, நாற்காலியை உள்ளே தள்ளினாள். கர்ரென்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. அவள் அதைத் தடுக்க முயலவே இல்லை.

*

வெளியே முணுமுணுப்பு நின்று போயிருந்தது. வெள்ளைச் சட்டைகள் எல்லாம் படிக்கட்டுப் பக்கம் திரண்டு, தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணனைக் காணவில்லை. அவன் நின்ற இடத்தில், பெஞ்சின் மேல், ஒரு கோட்டு மட்டும் கிடந்தது. ஆளில்லாத கோட்டு. ஒரு கை உள்பக்கமாகத் திரும்பியிருந்தது, அவசரத்தில் கழற்றியது போல.

உயரமான ஒருவன் அவளிடம் ஓடி வந்தான். கழுத்தில் டை இறுகி, முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நீங்க அந்த ரிப்பேர் கடை அண்ணாவோட தங்கச்சியா?"

"ஆமா. எங்க அவரு?"

"சார் ஏதோ சொன்னாரு. 'உங்களை மாதிரி ஆளுங்க கதையாவது நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டுமே'ன்னு. அவ்வளவுதான். அண்ணா உடனே சார் கக்கத்துலேர்ந்து லேப்டாப்பை உருவிக்கிட்டு மேல போயிட்டாரு. சார் கோட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் பின்னாடியே ஓடறாரு."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லைங்க. மொட்டை மாடிதான்."

குட்டி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தாள். முதல் படியில் கால் வைத்தவள் திரும்பினாள்.

"தண்ணித் தொட்டி இருக்கா?"

நெட்டையனின் வாய் திறந்தது. இத்தனை நாள் மனப்பாடம் செய்த பதிலின் பொருள் அவனுக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது போலிருந்தது.

"இருக்குங்க," என்றான். "மூடி கூட இல்லை."